மூடிய பானையும் திறந்த கதவும்

வெள்ளி, சனி, ஞாயிறு என்னும் மூன்று நாள்களும் அடுத்தடுத்து மூன்று சமூகத்தாரின் சிறப்பு நாள்களாக விளங்கிய நகரங்கள் முன்னொரு காலத்தில் இருந்தன. அரபு நூல்கள் ‘அந்தலுஸ்’ என அழைக்கும் முஸ்லிம் ஸ்பெயினின் நகரங்களே அவை. குர்துபாவிலும் துலைத்துலாவிலும் வெள்ளியன்று முஸ்லிம்கள் ஜும்ஆவுக்குக் கூடினர். சனியன்று யூதர் ஓய்வுநாள் காத்தனர். ஞாயிறன்று கிறிஸ்தவர் ஆலயம் சென்றனர். வழிபாடு வேறு வேறாயினும் ஒரு வழக்கம் மூவருக்கும் பொதுவாயிருந்தது. மற்ற நாள்களில் ரொட்டியும் பயற்றுக் கூழுமாகக் காலந்தள்ளிய எளிய குடும்பமும், தனக்குரிய அந்நாளுக்கென ஒரு துண்டு இறைச்சி வாங்கிப் பெரிய பானையை அடுப்பில் ஏற்ற விரும்பியது. வீட்டார் அனைவரும் ஒன்றாய் அமர்ந்து வயிறார உண்ணும் வாரச் சாப்பாடு அது.

அந்தலுஸின் வரலாற்றை நாம் படிக்கும்போது இந்தப் பானை நம் கண்ணில் படுவதில்லை. 711ஆம் ஆண்டில் தாரிக் இப்னு ஸியாத் கரையிறங்கியதைப் படிக்கிறோம். குர்துபாவின் பெரிய பள்ளிவாசலையும் அல்ஹம்ராவின் தூண்களையும் எண்ணி வியக்கிறோம். 1492ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் கர்னாத்தாவின் திறவுகோல்கள் கைமாறிய நிகழ்ச்சியைப் படித்துப் பெருமூச்சு விடுகிறோம். அத்துடன் கதை முடிந்ததென்று நூலையும் மூடிவிடுகிறோம். ஆனால் அதன் பின்னர் நூற்றிருபது ஆண்டுக் காலம் அந்த வரலாறு தொடர்ந்து நடந்தது. அது நடந்த களம் அரண்மனையன்று, அடுக்களை. ஒரு குடும்பம் வாரக் கடைசியில் என்ன சமைத்தது, எந்த எண்ணெயில் தாளித்தது, எப்படி அமர்ந்து உண்டது என்பன அந்தக் குடும்பத்தின் உயிருக்கே உலை வைக்கும் கேள்விகளாகி நின்றன. அந்த அடுக்களையின் வரலாற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

நாடிழந்தவர் எழுதிய நூல்

அந்தலுஸின் உணவைப் பற்றிப் பேசுவோர் முதலில் ஸிர்யாபின் பெயரைச் சொல்வர். 822ஆம் ஆண்டில் கிழக்கிலிருந்து அந்தலுஸ் வந்து சேர்ந்த அந்த இசைவாணர், பொன் வெள்ளிக் கிண்ணங்களை விடுத்துக் கண்ணாடிக் கிண்ணங்களை விரும்பும்படி மேன்மக்களுக்குக் கற்பித்தார் என்று பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மக்கரீ எழுதியுள்ளார். அது அரசவையின் கதை. வீட்டுச் சமையலை அறிய நாம் நாட வேண்டியவை பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய இரண்டு அரபுச் சமையல் நூல்களே.

அவற்றுள் ஒன்றின் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. முவஹ்ஹிதுகளின் ஆட்சிக் காலத்து வழக்கங்களைக் கூறும் அந்நூலின் கைப்படி ஒன்று பாரிஸ் நகரின் தேசிய நூலகத்தில் உள்ளது. மற்றதன் ஆசிரியர் இப்னு ரஸீன் அத்துஜீபீ. இவர் 1227ஆம் ஆண்டளவில் முர்ஸியா நகரில் பிறந்தார். இவருடைய இளமைக் காலம் அந்தலுஸ் சரிந்துகொண்டிருந்த காலம். 1236இல் குர்துபா வீழ்ந்தது. 1238இல் வலன்ஸியா வீழ்ந்தது. 1243இல் முர்ஸியா காஸ்டில் மன்னரின் மேலாதிக்கத்தை ஏற்றது. 1248இல் இஷ்பீலியாவும் போயிற்று. இப்னு ரஸீன் கடல் கடந்து பிஜாயா சென்று, இறுதியில் துனிஸில் குடியேறி, அங்கேயே 1293இல் காலமானார். அயல் மண்ணில் வாழ்ந்த அந்தக் கல்விமான் எழுதிய நூல்களுள் காலத்தை வென்று நம் கைக்கு வந்திருப்பது ‘ஃபுளாலத்துல் கிவான்’ என்னும் சமையல் நூலே. ஏறக்குறைய 475 உணவு வகைகள் அதில் இடம்பெற்றுள்ளன. நாட்டை இழந்த ஒருவர் நாட்டின் ருசியை அளவும் பக்குவமும் குறித்து எழுதி வைத்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். கோட்டை கொத்தளங்களைக் கப்பலில் ஏற்றிச் செல்ல இயலாது. சமையற் பக்குவத்தை நெஞ்சில் ஏற்றிச் செல்லலாம்.

இவ்விரு நூல்களிலும் ஹரீஸா உண்டு. குத்திய கோதுமையும் இறைச்சியும் இராமுழுதும் வெந்து, கடைந்தெடுக்கப்படும் கெட்டியான உணவு அது. அரபு நாடுகளில் இன்றும் ‘ஹரீஸ்’ என்று வழங்கும் இதன் வழியில் வந்ததே நம் நாட்டில் ஹைதராபாத்தின் ஹலீம். ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் ஊறவைக்கும் தரீதும் பலவகையாகக் கூறப்பட்டுள்ளது. கத்தரிக்காய், கொண்டைக்கடலை, கீரை, ஸைத்தூன் எண்ணெய், குங்குமப்பூ, கொத்தமல்லி, இலவங்கப்பட்டை ஆகியன ஏட்டுக்கு ஏடு வருகின்றன.

வாரத்தின் பெரிய சாப்பாடு

அந்தலுஸிலும் அதை அடுத்த மஃரிபிலும் வீட்டாரை ஒன்றுசேர்த்த உணவு குஸ்குஸ். கோதுமை ரவையில் நீர் தெளித்து, உள்ளங்கையால் தேய்த்து, மணி மணியாக உருட்டுவர். அடியில் ஒரு பானை. அதில் இறைச்சியும் காய்களும் கொதிக்கும். அதன் தலைமேல் அடியில் துளைகளிட்ட வேறொரு பானை. அதில் இந்த மணிகள் ஆவியில் வேகும். இரு பானைகளும் சேரும் இடத்தில் ஆவி வீணாகாதபடி மாவைப் பூசி அடைப்பர். நம் பெண்டிர் புட்டு அவிக்கும் முறையும், நெய்ச்சோற்றுக்கும் பிரியாணிக்கும் தம் போடுகையில் சட்டியின் விளிம்பில் மாவு ஒட்டும் முறையும் இங்கு நம் நினைவுக்கு வருகின்றன. வெந்த மணிகளைக் கொழுப்பிட்டு உதிர்த்து, குழம்பை வடித்து அதில் இட்டு, தணலின் இளஞ்சூட்டில் சாற்றை உறிஞ்ச விட்டு, அகன்ற தட்டில் பரப்பி, மேலே இறைச்சியையும் காய்களையும் அடுக்கி, பட்டைத் தூள் தூவிப் பரிமாறும் ஒரு வகையைப் பெயரறியா ஆசிரியரின் நூல் விளக்குகிறது. மராக்கிஷில் அதற்கு ‘ஃபித்யானீ’ என்று பெயர். ஒரே தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்பதற்கென்றே அமைந்த உணவு இது. ‘ஸஹன்’ வைத்துச் சேர்ந்துண்ணும் வழக்கத்தை இன்றளவும் காத்துவரும் நம் கடற்கரை ஊரார்க்கு இதன் இன்பத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

யூதரின் சனிக்கிழமைச் சாப்பாடு இன்னும் நுட்பமானது. வெள்ளியன்று கதிரவன் மறைந்தது முதல் சனியன்று இருள் சூழும் வரை அவர்கள் நெருப்பு மூட்டலாகாது என்பது அவர்தம் மார்க்கச் சட்டம். நாள் மாலையில் தொடங்குகிறது என்னும் கணக்கு அவர்களுக்கும் உண்டு. வியாழன் மாலையையே ‘வெள்ளிக்கிழமை இரவு’ என வழங்கும் நம்மவர்க்கு இது புதிதன்று. எனவே வெள்ளி பிற்பகலிலேயே பானையைத் தயாராக்கினர். முதல் நாள் ஊறவைத்த கொண்டைக்கடலை, ஆட்டிறைச்சி, வெங்காயம், கீரை, நறுமணப் பொருள்கள் ஆகியவற்றை இட்டு, ஓடு நீக்காத முட்டைகளையும் உள்ளே வைத்து, மூடியை இறுக்கி, தணலில் புதைத்து, மூடியின் மீதும் தணலை இடுவர். இராமுழுதும் மெல்ல மெல்ல வெந்த அந்தப் பானையை மறுநாள் நண்பகலில் திறக்கும்போது கடலை வெண்ணெயாய்க் குழைந்திருக்கும். முட்டையின் வெண்மை பழுப்பேறியிருக்கும். புதிதாக ஒரு பொறி நெருப்பும் மூட்டாமல் சூடான சாப்பாடு கிடைத்துவிடும்.

இந்த உணவின் பெயர் ‘அதஃபினா’. ‘தஃபீனா’ என்னும் அரபுச் சொல்லே ஸ்பானிய நாவில் இவ்வாறாயிற்று. புதைக்கப்பட்டது என்பது அதன் பொருள். யூதரின் மிகப் புனிதமான நாளின் உணவுக்கு அரபு மொழி பெயர் சூட்டியது என்றால் அவ்விரு சமூகத்தாரும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தனர் என்பது விளங்கும்.

ஆயினும் அந்தலுஸில் எக்காலமும் பொற்காலமாகவே இருந்தது என்று கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. முவஹ்ஹிதுகள் ஆட்சிக்கு வந்த பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூதரும் கிறிஸ்தவரும் பெரும் நெருக்கடிக்கு உள்ளாயினர். பேரறிஞர் மூஸா இப்னு மைமூனின் குடும்பம் குர்துபாவை விட்டு வெளியேறியது அந்த நெருக்கடியால்தான். ஆனால், அதே முவஹ்ஹிது காலத்தின் சமையலைப் பதிந்த பெயரறியா ஆசிரியர், யூத உணவுகள் என்று பெயர் குறித்தே சில பக்குவங்களைத் தம் நூலில் சேர்த்துள்ளார். அவற்றுள் ஒன்று ‘புதைத்த’ உணவு. முட்டையை அடித்து மெல்லிய அடை போல் வார்த்து, ஒன்றைப் புதுப் பானையின் அடியில் விரித்து, அதன்மேல் இறைச்சியையும் கொத்திறைச்சி உருண்டைகளையும் பரப்பி, மற்றோர் அடையால் மூடி, தணல் ஏந்திய ஓட்டால் பானையை மூடிச் சிவக்கவிட்டு, முடிவில் பானையையே உடைத்து உணவை முழுதாக எடுக்க வேண்டும் என்கிறார். ஆட்சியாளரின் ஆணைகள் பிரித்துவைத்த இரு சமூகத்தாரைச் சமையல் நூல் ஒரே ஏட்டில் அருகருகே அமர்த்தியிருக்கிறது.

தன்ஜா நகரத்து விருந்தாளி

பதினான்காம் நூற்றாண்டில் இந்தக் கோதுமை நாட்டாருள் ஒருவர் நம் தமிழ்க் கரைக்கும் வந்தார். அவர்தாம் தன்ஜா நகரில் 1304இல் பிறந்த இப்னு பத்தூத்தா. மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில், அரபியர் ‘மஅபர்’ என்றழைத்த நம் பகுதியில் அவர் சிறிது காலம் தங்கினார். மலபார், மாலத்தீவு, இலங்கை, மஅபர் ஆகிய இடங்களில் மூன்றாண்டுக் காலம் சோற்றையன்றி வேறொன்றும் உண்ணக் கிடைக்காமல், முடிவில் தண்ணீரைக் குடித்துத்தான் சோற்றை விழுங்க வேண்டியிருந்ததென அவர் தம் பயண நூலில் அலுத்துக்கொள்கிறார். சோற்றையே அமுதமெனப் போற்றும் நமக்கு இதைக் கேட்கச் சிரிப்பு வரும். எனினும், பிறந்த வீட்டின் ரொட்டிக்கும் குஸ்குஸுக்கும் ஏங்கிய ஒரு நாவின் ஏக்கம் அது.

அதே இப்னு பத்தூத்தா 1350ஆம் ஆண்டளவில் கர்னாத்தாவுக்கும் சென்றார். அவருடைய பயணங்களைப் பின்னாளில் எழுத்தில் வடித்த இப்னு ஜுஸைய் என்னும் அறிஞரை அங்கேதான் சந்தித்தார். இந்தியாவிலிருந்து வந்து அந்நகரில் தங்கியிருந்த ஃபகீர்களையும் அங்கே கண்டதாகக் கூறுகிறார். ஆக, கர்னாத்தா நமக்கு முற்றிலும் அந்நியமான ஊரன்று. நம் கரையின் காற்றுப் பட்ட ஒருவர் அங்கு விருந்துண்டிருக்கிறார்.

வாக்குறுதியும் வற்புறுத்தலும்

அவர் கண்டு வந்த கர்னாத்தா மேலும் ஒன்றரை நூற்றாண்டு நிலைத்தது. 1491இன் இறுதியில் எழுதப்பட்ட சரணடைவு ஒப்பந்தத்தில் முஸ்லிம்களின் மார்க்கம், பள்ளிவாசல்கள், வழக்கங்கள் ஆகியவை காக்கப்படும் என்று ஃபெர்டினண்டும் இஸபெல்லாவும் வாக்களித்திருந்தனர். நகரம் கைக்கு வந்த மூன்றாம் மாதமே, 1492 மார்ச் 31ஆம் நாள், யூதர் அனைவரும் மதம் மாற வேண்டும் அல்லது நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற ஆணை பிறந்தது. முஸ்லிம்களுக்கும் அதே முறை வர நெடுங்காலம் ஆகவில்லை. 1499ஆம் ஆண்டில் கர்னாத்தா வந்த கர்தினால் ஸிஸ்னெரோஸ் கட்டாய மதமாற்றத்தைத் தொடங்கிவைத்தார். அரபு நூல்கள் குவியலாகக் கொளுத்தப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டும் விலக்கப்பட்டன. 1502இல் காஸ்டில் நாடு முழுவதிலும், 1526இல் வலன்ஸியாவிலும் அரகோனிலும் இஸ்லாத்தைக் கடைப்பிடிப்பது சட்டப்படி தடுக்கப்பட்டது. அவ்வாறு மாற்றப்பட்டவர்களை ‘மொரிஸ்கோக்கள்’ என்று அழைத்தனர்.

பள்ளிவாசல் போயிற்று, நூல் போயிற்று, பெயரும் போயிற்று. எஞ்சியது வீடு. வீட்டுக்குள் எஞ்சியது அடுப்பு. அந்த அடுப்பும் அவர்களுக்கு முழு உரிமையாக இருக்கவில்லை. ஆடு மாடுகளை மார்க்க முறைப்படி அறுப்பது தடுக்கப்பட்டது. 1504ஆம் ஆண்டில் வஹ்ரான் நகரின் மார்க்க அறிஞர் ஒருவர் இந்த மக்களுக்கு ஓர் அறிவுரை மடல் விடுத்தார். பன்றியிறைச்சியை உண்ணும்படி வற்புறுத்தப்பட்டால், அது விலக்கப்பட்டதே என்னும் உறுதியை உள்ளத்தில் கொண்டு உண்ணுங்கள் என்று அந்த மடல் கூறிற்று. ஒரு கவளத்தை வாயில் வைப்பதற்கும் ஃபத்வா தேட வேண்டிய நிலையில் ஒரு சமூகம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

சாட்சிக் கூண்டில் சட்டி

1478ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட ‘இன்குயிஸிஷன்’ என்னும் சமய விசாரணை மன்றம், மதம் மாறியவர்கள் மனத்தளவிலும் மாறினரா என்பதை ஆராய முற்பட்டது. மனத்தைத் திறந்து பார்க்க இயலாது. ஆகவே அவர்கள் பானையைத் திறந்து பார்த்தார்கள். அண்டை வீட்டார் கவனித்து வந்து கூற வேண்டிய அடையாளங்களின் பட்டியல் ஆலயங்களில் உரக்கப் படிக்கப்பட்டது. வெள்ளி மாலையில் மேசைக்கு வெள்ளைத் துணி விரிப்பது, சனிக்கிழமைக்கு வேண்டியதை வெள்ளியன்றே சமைத்து வைப்பது, இறைச்சியின் கொழுப்பை அகற்றுவது, பன்றிக்கொழுப்பை விடுத்து எண்ணெயில் சமைப்பது ஆகியன யூத அடையாளங்கள். வெள்ளியன்று தூய ஆடை உடுத்துவது, பகலெல்லாம் பட்டினி கிடந்து இரவில் உண்பது, மதுவையும் பன்றியிறைச்சியையும் மறுப்பது ஆகியன முஸ்லிம் அடையாளங்கள். தரையில் அமர்ந்து குஸ்குஸ் உண்டார் என்பதும் குற்றச்சாட்டுகளில் இடம்பெற்றது.

அக்காலத்து வரலாற்றாசிரியரும் பாதிரியாருமான அந்த்ரேஸ் பெர்னால்தெஸ், மதம் மாறிய யூதர் தங்கள் அதஃபினாவையும், எண்ணெயில் வதக்கிய வெங்காயத்தையும் பூண்டையும் விட்டபாடில்லை என்றும், அவர்கள் வீடுகளில் அந்த வாடையே வீசுகிறது என்றும் வெறுப்புடன் எழுதியுள்ளார். எண்ணெயில் வெங்காயம் வதங்கும் மணம்! நம் வீடுகளில் அது பசியைத் தூண்டும் மணம். அங்கே அது ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும் வாடையாயிற்று.

காட்டிக்கொடுத்தவர் பலர் வீட்டுக்குள்ளேயே இருந்தனர். அடுக்களையில் ஊழியம் செய்த பணிப்பெண்கள் மன்றத்தின் முன் நின்று, எசமானி எந்த நாளில் எதைச் சமைத்தாள், எதையெல்லாம் பானையில் இட்டாள் என்று ஒன்றுவிடாமல் ஒப்புவித்தனர். எழுத்தர் அவற்றை எழுதிக்கொண்டார். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கோ, தம்மீது சாட்சி சொன்னவர் யார் என்பதுகூட அறிவிக்கப்படுவதில்லை. இந்த விசாரணைப் பதிவேடுகளைத் துருவி ஆராய்ந்த டேவிட் கிட்லிட்ஸ், லிண்டா டேவிட்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், அவற்றிலிருந்து அக்கால யூத இல்லங்களின் சமையலை மீட்டெடுத்து 1999ஆம் ஆண்டில் நூலாக்கினர். அந்தப் பெண்கள் தம் கைப்பக்குவத்தைத் தாமே எழுதி வைக்கவில்லை. அவர்களைத் தண்டிப்பதற்காக எழுதப்பட்ட ஏடுகளே அப்பக்குவத்தை நமக்குக் காத்துத் தந்திருக்கின்றன. வரலாற்றில் இதனினும் கசப்பான பரிகாசம் அரிது.

வெள்ளிக்கிழமையன்று திறந்த கதவு

மொரிஸ்கோக்களின் கதைக்குத் திரும்புவோம். 1567ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கர்னாத்தாவில் இரண்டாம் ஃபிலிப் மன்னரின் ஆணை முரசறைந்து அறிவிக்கப்பட்டது. மூன்றாண்டுக்குள் அரபு மொழியை மறக்க வேண்டும். அரபு நூல்களை ஒப்படைக்க வேண்டும். மூர் உடையையும் முகத்திரையையும் நீக்க வேண்டும். குளியலறைகளை மூட வேண்டும். இவற்றோடு மற்றொரு விதியும் இருந்தது. வெள்ளிக்கிழமைகளிலும், பண்டிகை நாள்களிலும், திருமண நாள்களிலும் மொரிஸ்கோக்கள் தம் வீட்டுக் கதவுகளைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

வாரத்தில் ஒரு நாள், வீட்டார் ஒன்றாய் அமரும் அந்த நாளில், கதவைத் தாழிடக் கூடாது! உள்ளே தொழுகிறார்களா, என்ன உடுத்துகிறார்கள், என்ன உண்கிறார்கள் என்று தெருவில் போவோர் எட்டிப் பார்க்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். வாளுக்கும் நெருப்புக்கும் இல்லாத கொடுமை இந்தத் திறந்த கதவுக்கு உண்டு. மனிதனுக்கு அவனுடைய இல்லமே இல்லமில்லாமற் போகிறது.

ஃபிரான்ஸிஸ்கோ நூனெஸ் முலெய் என்னும் முதியவர் அப்போது மொரிஸ்கோக்களின் சார்பில் நீதிமன்றத் தலைவரிடம் முறையீடு ஒன்றை அளித்தார். உடையும் உணவும் நீராட்டமும் ஒரு நாட்டின் பழக்கங்களேயன்றி மதத்தின் அடையாளங்கள் ஆகா என்பது அவருடைய வாதம். கிழக்கு நாடுகளின் கிறிஸ்தவர் அரபு பேசுவதையும் உள்ளூர் மக்களைப் போல் உடுத்துவதையும் எடுத்துக்காட்டினார். கதவுகளைத் திறந்து வைப்பதால் திருடருக்கும், பெண்களிடம் தகாத முறையில் நடக்க எண்ணும் தீயோருக்கும், ஏழைகளை மிரட்டிப் பணம் பறிக்கும் அலுவலர்க்குமே வழி பிறக்கும் என்று எச்சரித்தார். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. 1568ஆம் ஆண்டு டிசம்பரில் அல்புஷாராத் மலைப்பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. 1571இல் அது அடக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கானோர் கர்னாத்தாவிலிருந்து பெயர்க்கப்பட்டுக் காஸ்டிலின் ஊர்களில் சிதறடிக்கப்பட்டனர். இறுதியில், 1609ஆம் ஆண்டு செப்டம்பரில் வலன்ஸியாவில் தொடங்கி 1614 வரை, ஏறக்குறைய மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள் ஸ்பெயினை விட்டே வெளியேற்றப்பட்டனர்.

பெயரறியா ஆசிரியரின் சமையல் நூல் பற்றி முன்னே கூறினோம் அல்லவா? பாரிஸில் உள்ள அதன் கைப்படி எழுதி முடிக்கப்பட்ட ஆண்டு 1604. நாடு கடத்தும் ஆணைக்கு ஐந்தாண்டு முன்னர், நானூறாண்டுப் பழைமையான அந்தலுஸின் பக்குவங்களை யாரோ ஒருவர் வரி வரியாகப் படியெடுத்திருக்கிறார். அந்தக் கையே இந்நூல் நம்மை வந்தடையக் காரணமாயிற்று.

அழிந்ததும் அழியாததும்

ஸ்பெயினின் நாக்கு அந்த மக்களை மறக்கவில்லை. இன்றும் ஸ்பானியர் அரிசியை ‘அர்ரோஸ்’ என்கின்றனர்; அது அரபியின் ‘அருஸ்’. சர்க்கரையை ‘அஸூகார்’ என்கின்றனர், அது ‘ஸுக்கர்’. எண்ணெய் ‘அஸெய்த்தே’, அது ‘ஸைத்’. குங்குமப்பூ ‘அஸஃப்ரான்’, அது ‘ஸஅஃபரான்’. கொத்திறைச்சி உருண்டைக்கு ‘அல்போந்திகா’ என்று பெயர். ‘புந்துக்’ என்னும் கொட்டையின் அரபுப் பெயரே அதில் ஒலிக்கிறது. கொண்டைக்கடலையும் இறைச்சியும் காய்களும் மெல்ல வேகும் ‘கொஸீதோ’ ஸ்பானிய இல்லங்களின் பெருமைக்குரிய சாப்பாடு. பன்றியிறைச்சி சேர்ந்து மாறிப்போன பழைய அதஃபினாவே அது என்று உணவு வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். சந்தேகத்துக்கு அஞ்சி ஒரு துண்டு பன்றியிறைச்சியைப் பானையில் இட்டவர்களின் நடுக்கமும் அந்தப் பானையில் வெந்திருக்கக்கூடும்.

கடலுக்கு இப்பால் கதை வேறுவிதமாக நடந்தது. துரத்தப்பட்ட மொரிஸ்கோக்களில் பலர் துனிஸியா, அல்ஜீரியா, மொராக்கோ நாடுகளில் குடியேறினர். துனிஸியாவின் தஸ்தூர் போன்ற ஊர்கள் அவர்கள் எழுப்பியவையே. கர்னாத்தாவில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அஞ்சி அஞ்சி உண்ட குஸ்குஸை அங்கே எவர்க்கும் அஞ்சாமல் உண்டனர். இன்றும் மொராக்கோவில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வீடுதோறும் குஸ்குஸ் தட்டு வைக்கப்படுகிறது. பிரிந்து வாழும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அன்று கூடுகின்றனர். 1492இல் வெளியேறி அதே நாட்டில் தஞ்சம் புகுந்த யூதரும் தம் சனிக்கிழமைப் பானையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். பின்னாளில் இஸ்ரேலுக்கும் பிரான்ஸுக்கும் குடிபெயர்ந்த அவர்தம் வழித்தோன்றல்கள் ‘தஃபீனா’ என்ற அரபுப் பெயரையும் உடன் கொண்டு சென்றனர். அல்ஜீரியா, மௌரித்தானியா, மொராக்கோ, துனிஸியா ஆகிய நான்கு நாடுகளும் ஒன்றுசேர்ந்து விண்ணப்பித்ததன் பேரில், 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் குஸ்குஸ் சமைக்கும் கலையை மானிடப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. அரசியலில் ஒன்றோடொன்று முரண்படும் நாடுகளும் இந்த ஒரு தட்டைச் சுற்றி அமர்ந்தன. ஐந்து நூற்றாண்டுக்கு முன் குற்றப்பத்திரிகையில் எழுதப்பட்ட உணவு இன்று உலகின் உடைமைப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது.

நமக்குரிய பாடம்

இந்த வரலாற்றில் எழுதுகோல் மூவர் கையில் இருந்தது. ஒருவர் நாடிழந்த இப்னு ரஸீன், அன்பினால் எழுதினார். மற்றவர் பெயரறியாத நூலாசிரியரும் அதைப் படியெடுத்தவரும். அறிவை விரும்பி எழுதினர். மூன்றாமவர் விசாரணை மன்றத்தின் எழுத்தர், தண்டிப்பதற்காக எழுதினார். வெள்ளிதோறும் சனிதோறும் அந்தப் பானையை ஏற்றி இறக்கிய பெண்களின் கையில் மட்டும் எழுதுகோல் இருக்கவில்லை.

நம் நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும், நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும், ஆம்பூரிலும் மேலப்பாளையத்திலும் ஊருக்கு ஊர் மாறுபடும் கைப்பக்குவங்கள் எத்தனை! அவற்றுள் எழுத்தில் ஏறியவை எத்தனை? ‘ஒரு கை அளவு’, ‘கண் பார்வைக்கு’, ‘மணம் வரும் வரை’ என்று நம் உம்மாமார் கூறும் அளவுகள் அவர்கள் கையோடும் கண்ணோடும் மறைந்துவிடக் கூடியவை. நம் வீட்டுக் கதவை வெள்ளிக்கிழமை திறந்து வைக்கச் சொல்லும் ஆணை எதுவும் நமக்கு இல்லை. நம் பானையை எவரும் மோப்பம் பிடிக்கவில்லை. அச்சமின்றி ஒன்றாய் அமர்ந்து உண்ணும் பேறு நமக்கு வாய்த்திருக்கிறது. ஆயினும், அவரவர்க்கு ஒரு நேரம், அவரவர்க்கு ஒரு தட்டு என்று நாமே அந்தப் பேற்றைச் சிறுகச் சிறுகக் கைவிட்டு வருகிறோம்.

வருகின்ற வாரக் கடைசியிலாவது, வீட்டில் மூத்தவர் சமைக்கும்போது இளையவர் ஒருவர் ஏடும் எழுதுகோலுமாய் அருகில் அமரட்டும். உப்பு எவ்வளவு, தணல் எவ்வளவு நேரம், இப்பக்குவம் யாரிடமிருந்து வந்தது, அவர் எந்த ஊரார் என்று கேட்டு எழுதட்டும். பின்னர் எல்லோரும் ஒரே விரிப்பில் அமர்ந்து உண்ணட்டும். கர்னாத்தாவின் மக்கள் உயிரைப் பணயம் வைத்துக் காத்ததை, நாம் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டுக் காத்துக்கொள்ளலாம்.